தாய்ப்பலகை மாற்றிய மடிக்கணினியும் அதன்பாற் செய்யத்தகு சோதனைகளும்

பழுதுபார்க்கக் கொடுத்த மடிக்கணினி திரும்பி வந்ததும் அதன் உரிமையாளர் செய்யும் முதற்காரியம் விசையை அழுத்திப் பார்ப்பதாகும். திரை ஒளிர்ந்து பழகிய படம் தோன்றிவிட்டாற் பழுது தீர்ந்ததென மனம் ஆறுகிறது. பழுதுபார்த்தவரும் அதனையே சான்றாகக் காட்டிக் கூலி பெற்றுக்கொள்கிறார். மாற்றப்பட்டது விசைப்பலகையோ விசிறியோ ஆயின் இச்சோதனை ஒருவாறு போதும். மாற்றப்பட்டது தாய்ப்பலகையாயின் இது சிறிதும் போதாது. ஒளிர்ந்த திரையிலிருந்து பெறத்தக்க முடிவு, அப்பலகை குளிர்ந்த நிலையிலே, வேலைப்பளு இல்லாத வேளையிலே, சில நிமிடம் இயங்கவல்லது என்பதேயாம். அது சூடேறியபின் எவ்வாறு நடக்கும், தான் புகுந்த கணினி எதுவென்பதை அறியுமா, பழைய கோப்புகளைத் திறக்க இடங்கொடுக்குமா என்னும் வினாக்கள் யாவும் அப்படியே நிற்கின்றன.

கணினியின் உறுப்புகளைத் தாங்கி, அவற்றுக்கு மின்னைப் பகிர்ந்து, ஒன்றோடொன்று பேசச்செய்வது தாய்ப்பலகை. மேசைக்கணினியில் முறைவழியாக்கியும் நினைவகமும் தனித்தனியே கழற்றிப் பூட்டத்தக்கன. இன்றைய மடிக்கணினிகளிற் பெரும்பாலானவற்றில் முறைவழியாக்கி பலகையோடு பற்றாசினாற் பிணைக்கப்பட்டிருக்கிறது. மெல்லிய கணினிகள் பலவற்றில் நினைவகமும் அவ்வாறே. ஆகவே மடிக்கணினியிற் பலகை மாறிற்று என்றால், சிந்திக்கும் உறுப்பும் நினைக்கும் உறுப்பும் உடன் மாறின என்பதே பெரும்பாலும் பொருள். எஞ்சுவன கூடு, திரை, விசைப்பலகை, பற்றரி, சேமிப்பகம் என்பனவே.

இவற்றினும் நுட்பமான வேறொரு மாற்றமும் உண்டு. 1981 இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட தனியாள் கணினியில், இணைக்கப்பட்ட உறுப்புகள் எவையென்பது பலகையிலிருந்த சிறு ஆளிகளை மேலும் கீழும் தள்ளிக் குறிக்கப்பட்டது. அப்பலகையை மாற்றுபவர் பழையதன் ஆளிகளைப் பார்த்துப் புதியதிலும் அவ்வாறே தள்ளிவிட்டால் வேலை முடிந்தது. 1984 இல் வந்த ஏ.ரீ. என்னும் மாதிரியில் மணிக்கூடும், அதனோடு 64 பைற்று அளவான நினைவிடமும் ஒரு சில்லில் வைக்கப்பட்டன. கணினி அணைந்திருக்கும்போதும் அவற்றைச் சிறு பற்றரியொன்று காத்தது. இன்று அவ்விடத்தில் யூ.ஈ.எவ்.ஐ. எனப்படும் நிலைபொருள் இருக்கிறது. அதனைத் தாங்கும் சில்லின் கொள்ளளவு பொதுவாக 16 அல்லது 32 மெகாபைற்று. கணினியின் தொடரெண், மாதிரிப் பெயர், பணிசெயல் முறைமை எங்கிருந்து தொடங்கவேண்டும் என்னும் குறிப்பு, உரிமத் திறவு, இரகசியத் திறவுகளைப் பூட்டிவைக்கும் பெட்டகம் ஆகிய யாவும் இன்று பலகையின்மீதே வாழ்கின்றன. முன்னாளிற் பலகை ஒரு தாங்கி. இந்நாளில் அது கணினியின் பிறப்புச் சாட்சிப் பத்திரமுமாகும். பலகையை மாற்றியபின் எழும் இடர்களிற் பாதி இதனால் விளைவன.

இரகசியப் பெட்டகத்தை முதலில் எடுத்துக்கொள்ளல் வேண்டும். பெருநட்டம் நேர்வது அங்கேயே. ரீ.பி.எம். என்னும் அச்சிறு உறுப்பின் இரண்டாம் பதிப்பு, 2021 இல் வெளிவந்த விண்டோஸ் 11 க்கு இன்றியமையாததாக்கப்பட்டது. சேமிப்பகத்திலுள்ள கோப்புகளை மறைகுறியாக மாற்றிவைக்கும் பிற்லொக்கர் என்னும் ஏற்பாடு தன் திறவை இப்பெட்டகத்திலே வைக்கிறது. ஒவ்வொரு முறையும் கணினி தொடங்கும்போது, நிலைபொருளும் தொடக்க நிரல்களும் முன்னிருந்தவாறே இருக்கின்றனவா என்பதைப் பெட்டகம் ஒப்புநோக்கும். ஒத்திருந்தாலே திறவை வெளிவிடும். கூடுவிட்டுக் கூடு பாயும் கதைகளில், உடல் அரசனுடையதாயினும் உள்ளே புகுந்தவன் வேறொருவன் என்பதை நடையாலும் சொல்லாலும் உணர்ந்து அரசி கதவடைப்பதுண்டு. பலகை மாறிய கணினியிற் சேமிப்பகம் செய்வதும் அதுவே. கூடும் திரையும் பழையன, பெட்டகம் புதியது, அதனிடம் பழைய திறவு இல்லை. அப்பொழுது நீலத்திரையொன்று தோன்றி மீட்புத் திறவைக் கேட்கும்.

அத்திறவு 48 இலக்கங்கள் கொண்டது. ஆறாறாக எட்டுத் தொகுதிகளாய் எழுதப்படுவது. அது கைவசமிருப்பின் யாதொரு குறையுமில்லை. இல்லையாயிற் கோப்புகளை மீட்கப் பழுதுபார்ப்பவராலும் இயலாது, உற்பத்தியாளராலும் இயலாது. ஆய்வேட்டை முடிக்கும் தறுவாயிலுள்ள ஒரு மாணவரை நினைத்துக்கொள்வோம். அவருடைய சேமிப்பகத்திற் கீறலில்லை. கோப்புகள் ஓரெழுத்தும் குன்றாமல் உள்ளே இருக்கின்றன. ஆயினும் அவை அவருக்கு இல்லாதனவே. தம் சேமிப்பகம் மறைகுறியாக்கப்பட்டிருந்தது என்பதையே பலர் அந்த நீலத்திரையைக் கண்டபின்புதான் அறிகின்றனர். மைக்ரோசொப்ற் கணக்கினூடாக முதன்முறை உள்நுழையும்போது இம்மறைகுறியாக்கம் பல கணினிகளில் தானே தொடங்கிவிடுகிறது. 2024 ஆம் ஆண்டுப் பதிப்பைப் புதிதாக நிறுவும் கணினிகளில் இது முன்னையினும் பரவலாயிற்று. அவ்வாறு தானே தொடங்கியதாயின் மீட்புத் திறவு அக்கணக்கிலே பதிவாகியிருக்கும். கல்வி நிலையத்தின் கணக்காயின் அந்நிலையத்தின் நிருவாகியிடம் இருக்கும். ஆகையாற் சோதனைகளுள் முதலாவது, கணினி கடைக்குப் போகுமுன்னரே செய்யவேண்டிய ஒன்றாகும்: அத்திறவைத் தேடியெடுத்துத் தாளில் எழுதிக்கொள்ளல்.

எழுதியபின் சரிபார்க்கவும் ஒரு வழியுண்டு. கணித ஆசிரியர் எவரும் அதனை விரும்புவர். எட்டுத் தொகுதிகளுள் ஒவ்வொன்றும் 11 ஆல் மீதியின்றி வகுபடும் எண். 16 துவித இலக்கங்களால் அமைந்த எண்ணொன்றை 11 ஆற் பெருக்கியே ஒவ்வொரு தொகுதியும் ஆக்கப்படுவதால் அது 720885 ஐ ஒருபோதும் விஞ்சாது. எடுத்துக்காட்டாக 135795 என்னும் தொகுதியை நோக்குக. ஒன்றுவிட்ட இலக்கங்களைக் கூட்டினால் 1, 5, 9 என்பன 15 ஆகும். ஏனைய 3, 7, 5 என்பனவும் 15 ஆகும். வேற்றுமை பூச்சியமாதலின் எண் 11 ஆல் வகுபடும். ஈற்றிலுள்ள 5 ஐ 6 எனப் பிழையாக எழுதியிருந்தால் வேற்றுமை ஒன்றாகித் தவறு வெளிப்பட்டுவிடும். ஓர் இலக்கம் பிழைப்பினும், அடுத்தடுத்த இரண்டு வேறு இலக்கங்கள் இடம் மாறினும் இவ்விதி காட்டிக்கொடுக்கும். கையெழுத்திற் குறித்துவைப்போர் செய்யும் பிழைகள் பெரும்பாலும் இவ்விரு வகையினவே.

பிற்லொக்கரைத் தற்காலிகமாக இடைநிறுத்திவிட்டுக் கணினியைக் கொடுப்பது மற்றொரு முறை. அங்ஙனம் செய்யின் புதிய பலகை மீட்புத் திறவு கேளாமலே தொடங்கும். எனினும் இடைநிறுத்திய சேமிப்பகம் எவர் கைக்குப் போயினும் படிக்கத்தக்கதாகிறது. சேமிப்பகம் கழற்றத்தக்கதாயின் அதனை வீட்டிலே வைத்துக்கொண்டு கணினியை மட்டும் கொடுத்தல் இவ்விரு முறைகளினும் நன்று. சேமிப்பகமே பலகையோடு பிணைக்கப்பட்ட மாதிரிகளில் இதற்கு வழியில்லை. அப்பிள் நிறுவனத்தின் அண்மைக்கால மடிக்கணினிகள் இவ்வகையின. அவற்றிற் பலகை போனாற் கோப்புகளும் போயின. முன்னரே எடுத்துவைத்த பிரதியொன்றே துணை. உள்நுழைவுக்குப் பயன்படும் குறுகிய பின் இலக்கமும் பெட்டகத்தைச் சார்ந்தது. பலகை மாறியபின் அது செல்லாது. கணக்கின் முழுக் கடவுச்சொல் தேவைப்படும். நாடோறும் நான்கு இலக்கங்களை அழுத்திப் பழகிய கை, கடவுச்சொல்லை மறந்துவிட்டிருத்தல் இயல்பே.

கணினி திரும்பி வந்ததும் விசையை அழுத்துமுன் அதனைக் கையிலெடுத்து மெல்லச் சாய்த்துப் பார்த்தல் வேண்டும். உள்ளே ஏதேனும் உருளும் ஓசை கேட்பின் அது கழன்ற திருகாணியாகலாம். மின் பாயும் பலகையின்மீது உலோகத்துண்டு ஒன்று உலாவினால் புதிய பலகையும் நெடுநாள் நிலையாது. அடியிலுள்ள திருகாணிகள் யாவும் உளவா, கூட்டின் விளிம்பு எங்கேனும் பிதுங்கி நிற்கிறதா என்பவற்றையும் நோக்குக. நீண்ட திருகாணியைக் குறுகிய துளையில் முறுக்கியதனால் உட்புறம் சேதமடைந்த கணினிகளும் உண்டு.

முதன்முறை தொடங்கும்போது பணிசெயல் முறைமைக்குட் செல்லாமல், நிலைபொருளின் அமைப்புத் திரைக்குச் செல்வதே முறை. அங்கே காண்பவை சிலவே. ஆயினும் ஒவ்வொன்றும் பொருளுடையது. முறைவழியாக்கியின் பெயரும் நினைவகத்தின் அளவும் பழைய கணினிக்குரியவையா? 16 கிகாபைற்று இருந்த இடத்தில் 8 கிகாபைற்றுள்ள பலகை பூட்டப்பட்டிருப்பினும் திரை முன்போலவே ஒளிரும். வேகம் குறைந்ததை உரிமையாளர் பல நாள் கழித்தே உணர்வார். அடுத்துத் தொடரெண். புதிய பலகை ஆலையிலிருந்து வரும்போது அதிற் கணினியின் தொடரெண் இராது. பூட்டுபவர் அதற்குரிய கருவிநிரலைக் கொண்டு எழுதவேண்டும். திரையில் அவ்விடம் வெறுமையாயிருப்பின், அல்லது கூட்டின் அடியில் ஒட்டியுள்ள எண்ணோடு அது மாறுபடின், வேலை முடியவில்லை என்பது தெளிவு. உத்தரவாதக் கோரிக்கையும் உற்பத்தியாளரின் மென்பொருட் புதுப்பித்தல்களும் அவ்வெண்ணைக் கொண்டே நடைபெறுகின்றன. தொடரெண்ணை எழுதுவது சில நிமிட வேலை. கணினியைப் பெறுமுன் கேட்டால் உடனே செய்வர், மாதங்கழித்துக் கேட்டால் மறுப்பர்.

திகதியும் நேரமும் அற்பமானவை போலத் தோன்றும். ஆனால் பாதுகாப்பான இணையத்தளங்கள் யாவும் தம்மை நிறுவக் காட்டும் சான்றிதழ்களுக்குத் தொடங்கு நாளும் முடிவு நாளும் உண்டு. கணினியின் நாட்காட்டி பல ஆண்டு பின்தங்கியிருப்பின் வங்கித் தளமும் அஞ்சற் தளமும் ஐயத்துக்குரியன என்று அது மறுத்துவிடும். உரிமையாளரோ இணைய இணைப்பையே குறைகூறிக்கொண்டிருப்பார். நேரத்தைத் திருத்தியபின், கணினியை அணைத்து, மின்னேற்றியையும் நீக்கி, ஓரிரவு விட்டு, மறுநாட் காலையிற் பார்த்தல் வேண்டும். மணிக்கூடு மீண்டும் பிழைத்திருப்பின், அதனைக் காக்கும் 3 வோல்ற்று நாணயவடிவ மின்கலம் பூட்டப்படவில்லை, அல்லது தீர்ந்துவிட்டது. தனி மின்கலமின்றிப் பிரதான பற்றரியாலேயே மணிக்கூட்டைக் காக்கும் மாதிரிகளும் உள.

சேமிப்பகத்தை அணுகும் முறை என்றொரு தெரிவும் அத்திரையிலே இருக்கும். பழைய பலகையில் அது ஒருவகையாகவும் புதிய பலகையில் ஆலை வைத்தவாறு வேறுவகையாகவும் இருப்பின், விண்டோஸ் தொடங்காமல், தொடக்கச் சாதனத்தை அணுக இயலவில்லை என்னும் பொருள்பட நீலத்திரை காட்டி நின்றுவிடும். இவ்விடத்தில் அவசரமே பகை. இத்திரையைக் கண்டவுடன் பணிசெயல் முறைமையை அழித்துப் புதிதாக நிறுவுதல் ஒரு சாராரின் வழக்கம். அதனால் உரிமையாளரின் கோப்புகள் காரணமின்றி மாய்கின்றன. தெரிவைப் பழையபடி மாற்றிவிட்டாற் பல வேளைகளிற் கணினி உடனே தொடங்கிவிடும். பழைய அமைப்புத் திரையைக் கைபேசியிற் படம் பிடித்து வைத்திருப்பவருக்கு இது ஒரு நிமிட வேலை. லினக்ஸ் பயன்படுத்துவோர் இதனை ஒத்த வேறொன்றைக் காண்பர்: எங்கிருந்து தொடங்குவது என்னும் குறிப்பு பழைய பலகையிலே தங்கிவிட்டதனால், சேமிப்பகம் நலமாயிருந்தும் தொடக்கப் பட்டியலில் அதன் பெயர் இராது. அக்குறிப்பை மீள எழுதினாற் போதும்.

பணிசெயல் முறைமைக்குட் சென்றபின் முதலிற் பார்க்கவேண்டியது உரிமநிலை. விண்டோஸ் 8 வெளிவந்த 2012 தொடக்கம், ஆலையில் நிறுவப்படும் பதிப்புகளின் உரிமத் திறவு நிலைபொருளிலேயே எழுதப்பட்டு வருகிறது. புதிய பலகையில் அது இல்லாமலிருக்கலாம். வேறு பதிப்புக்குரியதாகவும் இருக்கலாம். உரிமத்தை மைக்ரோசொப்ற் கணக்கோடு முன்னரே இணைத்திருந்தவர்க்கு மீளப் பெறுதல் எளிது. பலகை புதியதன்று, வேறொரு கணினியிலிருந்து கழற்றப்பட்டது என்றால் இன்னுமொரு சிக்கல் எழக்கூடும். பெரிய நிறுவனங்கள் தம் கணினிகளின் வன்பொருள் அடையாளத்தை மைக்ரோசொப்ற்றிடம் பதிவுசெய்து வைப்பதுண்டு. அவ்வாறு பதிவான பலகை உள்ளே இருப்பின், விண்டோஸைப் புதிதாக நிறுவும் நாளில் முன்பின் அறியாத நிறுவனமொன்றின் பெயர் தோன்றி அதன் ஊழியர் கணக்கைக் கேட்கும். எனவே பழைய பலகையைப் பூட்டச் சம்மதிப்பவர் அதன் பூர்வீகத்தை விசாரித்தல் தகும்.

வலையமைப்பு முகவரியும் கவனிக்கத்தக்கது. கம்பிவழி இணைப்புக்குரிய 48 துவித இலக்க முகவரி பலகையைச் சார்ந்தது. ஆகவே அது மாறிவிடும். கம்பியிலா இணைப்புக்குரிய அட்டை தனியே கழற்றத்தக்கதாயிற் பழைய அட்டையோடு அதன் முகவரியும் நிலைக்கும். முகவரிகளைப் பதிந்துவைத்து அவற்றுக்கே இடங்கொடுக்கும் விடுதி, நூலக வலையமைப்புகளில் இணைவோர் புதிய முகவரியை அறிவிக்கவேண்டும். கம்பியிலா அட்டையிலிருந்து இரண்டு மெல்லிய கம்பிகள் கீலினூடாகத் திரைச் சட்டத்திலுள்ள அந்தெனாக்களுக்குச் செல்கின்றன. பலகையை மாற்றுபவர் இவற்றைக் கழற்றியே ஆகவேண்டும்; மீளப் பூட்ட மறப்பதும் உண்டு. மறந்தாலும் வழிசெலுத்திக்கு அருகில் இணைப்பு நன்றாகவே வேலைசெய்யும். ஆதலாற் கடை மேசையிற் செய்யும் சோதனை பயனற்றது. அடுத்த அறைக்கும் அதற்கப்பாலும் கணினியை எடுத்துச்சென்று பார்த்தல் வேண்டும்.

இனி வெப்பம். புதிதென்று சொல்லப்படும் பலகைகளுட் சில பழுது நீக்கப்பட்டவை. முறைவழியாக்கியின் அடியிற் பற்றாசு மணிகள் நூற்றுக்கணக்கில், சிலவற்றில் ஆயிரத்துக்கு மேலாகவும், உள்ளன. ஈயமும் வெள்ளீயமும் கலந்த பழைய பற்றாசு 183 பாகை செல்சியசில் உருகுவது. ஐரோப்பிய ஒன்றியம் 2006 யூலை முதலாந் திகதியிலிருந்து இலத்திரனியற் பொருள்களில் ஈயத்தைக் கட்டுப்படுத்தியபின் வெள்ளீயம், வெள்ளி, செம்பு என்பன கலந்த பற்றாசு பரவிற்று. அது உருகத்தொடங்குவது ஏறத்தாழ 217 பாகையில். சில்லும் பலகையும் வெவ்வேறளவில் விரிவன ஆதலின், சூடேறியும் ஆறியும் வருகையில் மணிகள் இழுபடுகின்றன. மயிரிழையளவு வெடிப்புத் தோன்றுகிறது. அத்தகைய பலகையை வெப்பக்காற்றால் மேலோட்டமாகச் சூடாக்கினால் வெடிப்புத் தற்காலிகமாக மூடிக்கொள்ளும். கடையிலே கணினி இயங்கும். சில வாரத்தில் மீண்டும் மாளும். குளிர்ந்த பலகையைச் சோதிப்பது அரைச்சோதனை என்பது இதனாலேயே.

ஒரு மணி நேரமேனும் கடினமான வேலையைக் கொடுத்து, வெப்பநிலையைக் காட்டும் நிரலையும் அருகே திறந்துவைத்தல் வேண்டும். மடிக்கணினி முறைவழியாக்கிகள் பலவற்றின் வெப்ப எல்லை 100 பாகை செல்சியசு அளவில் உள்ளது. எல்லையை அணுகியதும் அவை தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். உச்ச வேலையின்போது 90 பாகையைக் கடத்தல் மெல்லிய கணினிகளில் அரிதன்று. அதனைக் குற்றமெனக் கொள்ளல் ஆகாது. கடிதம் எழுதும்போதே அவ்வெல்லையைத் தொடுமாயின், சில்லுக்கும் வெப்பங்கடத்தும் தகட்டுக்கும் இடையிலுள்ள பசை புதிதாகப் பூசப்படவில்லை, அல்லது தகட்டின் திருகாணிகள் சமமாக இறுக்கப்படவில்லை. வேலையின் நடுவே கணினி திடீரென அணைந்துபோதல் பலகையைத் திருப்பிக் கொடுக்கப் போதிய காரணமாகும்.

நினைவகத்தைச் சோதிக்க மெம்ரெஸ்ற்86 போன்ற நிரல்கள் உள. அது முதலில் 1994 இல் எழுதப்பட்டது. பல்வகைக் கோலங்களை நினைவகத்தின் ஒவ்வோரிடத்திலும் எழுதி, மீள வாசித்து ஒப்பிடுவதே அதன் தொழில். சில மணி நேரம் எடுக்குமாதலின் இரவிலே தொடங்கிவிட்டு உறங்கச் செல்லலாம். காலையில் ஒரே ஒரு பிழை காட்டப்பட்டிருப்பினும் அதனைச் சிறிதெனத் தள்ளிவிடலாகாது; அந்த ஒரு பிழை ஒரு நாள் ஒரு கோப்பின் நடுவிலே சென்று அமரும்.

பற்றரியைப் பற்றி ஒரு குறிப்பு. அதன் முழுக்கொள்ளளவும், எத்தனை சுற்று ஏற்றி இறக்கப்பட்டது என்னும் கணக்கும் பற்றரியினுள்ளேயே பதிவாகின்றன. பலகை மாறுவதால் அவை மாறா. கொடுக்குமுன் எடுத்த அறிக்கையோடு இப்போதைய அறிக்கை பெரிதும் வேறுபடின், மாறியது பலகை மட்டுமன்று என்று ஊகிக்கலாம். மின்னேற்றும் சுற்று பலகையைச் சார்ந்ததாகையாற் பாதியிலிருந்து முழுமைவரை ஒருமுறை ஏற்றியும், மின்னேற்றியின்றி ஒருமுறை இயக்கியும் பார்த்தல் போதும். எஞ்சிய உறுப்புகளை விரைவாக முடிக்கலாம்: ஒலிபெருக்கி, ஒலிவாங்கி, கமரா, விசைகள் ஒவ்வொன்றும், தொடுதளம், துளைகள் ஒவ்வொன்றும். சி வகை யூ.எஸ்.பி. துளையில் முளையை இருபுறமும் திருப்பிச் செருகிப் பார்க்கவேண்டும். ஒருபுறம் இயங்கி மறுபுறம் இயங்காதிருத்தல் கூடும். மூடியை மூடினாற் கணினி உறங்குகிறதா, திறந்தால் விழிக்கிறதா என்பதையும் சில தடவை பார்க்க. மூடியிலுள்ள காந்தத்தை உணரும் சிற்றுறுப்பின் இணைப்பு விடுபட்டிருப்பின், பைக்குள் வைத்த கணினி உறங்காமற் சூடேறிக்கொண்டே இருக்கும்.

இவை யாவற்றையும் ஒரு நாளில் முடித்துவிடலாம் என்று எண்ணுதல் தவறு. இடையிட்டு எழும் பிழைகள் தலைகாட்ட ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகலாம். அந்த ஒரு வாரமும் முதன்மையான எழுத்துவேலைகளின் பிரதியை வேறிடத்திலும் வைத்துக்கொள்ளல் வேண்டும். மாற்றிய பலகைக்கு எத்தனை நாள் உத்தரவாதம், அது புதியதா பழுது நீக்கியதா என்பவற்றைப் பற்றுச்சீட்டில் எழுதிப் பெறவேண்டும். சேமிப்பகம் பலகையோடு பிணைந்த மாதிரியாயின் பழைய பலகையையும் கேட்டு வாங்கிவிடுதல் நன்று.

பிற்லொக்கரைப் புதிய பெட்டகத்தோடு பிணைக்கும் வேலையை ஈற்றிலே வைத்துக்கொள்ளல் வேண்டும். நிலைபொருளைப் புதுப்பிக்கவோ அதன் தெரிவுகளை மாற்றவோ நேரின் பெட்டகம் மீண்டும் ஐயுறும் ஆதலின், அவ்வேலைகள் யாவும் முடிந்தபின், ஒருமுறை இடைநிறுத்தி மீளத் தொடங்கினால், திறவு புதிய பெட்டகத்திற் பூட்டப்படும். பின்னர் கணினியை அணைத்துத் தொடக்கிப் பார்க்க. மீட்புத் திறவைக் கேளாமல் உள்நுழைவுத் திரை தோன்றுமாயிற் பலகை அக்கணினிக்கு உரியதாகிவிட்டது. எழுதிவைத்த 48 இலக்கத் தாளைக் கணினிப் பையினுள் வையாது வேறிடத்தில் வைக்க.